சொல் விற்றவனின் சொந்த வழக்கு

ஏதென்ஸில் வழக்கு இல்லாத வீடு கிடையாது, வாய் இல்லாத ஆளும் கிடையாது. சந்தையில் நெத்திலி விற்பவன் அரசாங்கத்தையே கிழித்துத் தொங்கவிடுவான். ஆனால் அவனை நீதிமன்ற மேடையில் ஏற்றி, எதிரே நடுவர்களாக ஐந்நூறு பேரை உட்கார வைத்துப் பாருங்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் இருந்ததால்தான் மிக்கியோனுக்கு அடுப்பு எரிந்தது.

மிக்கியோன் பேச்சு எழுதிக் கொடுப்பவன். வழக்குள்ளவன் அதை மனப்பாடம் செய்து தன் சொந்தச் சொல் போல ஒப்பிப்பான். இது எழுதிக் கொடுத்த பேச்சு என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் நாளைக்கு அவர்களுக்கும் ஒரு வழக்கு வரும்.

தோல் கடைகளுக்குப் பின்னால், நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் வராத ஒரு மூலையில் அவன் முக்காலியைப் போட்டிருந்தான். வருகிறவனிடம் வழக்கு என்ன என்று முதலில் கேட்கமாட்டான். "நேத்து யாரைத் திட்டின? அதே மாதிரி திட்டிக் காட்டு" என்பான். செங்கல் சூளைக்காரன் தன் மைத்துனனைத் திட்டிக் காட்டுவான். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான், எந்தச் சாமியை இழுக்கிறான், கோபம் வந்தால் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மிக்கியோன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு அவன் வாயிலிருந்து வந்ததையே கொஞ்சம் கழுவித் துடைத்து அவனிடமே திருப்பிக் கொடுப்பான். மேடையில் அந்தச் சூளைக்காரன் பேசும்போது, மண் ஒட்டிய கையை நேரில் பார்ப்பது போலவே இருக்கும்.

தூண்களுக்கு நடுவே உலாவிக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள் இதற்கு ஏதோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சொல்லுக்கு முன்னால் சொல்கிறவனின் குணம் போய் நிற்க வேண்டும் என்று அதை விளக்கப் பெரிய சொற்பொழிவே நடத்துவார்கள். மிக்கியோன் சுருக்கமாகச் சொல்வான்: "ஆளை நம்பிட்டான்னா அவன் சொல்ற பொய்யையும் சேத்து நம்புவான். ஆளை நம்பலேன்னா, மழை பெய்யுதுன்னு சொன்னாலும் கையை வெளிய நீட்டிப் பாப்பான்."

அவனுக்குத் தலைக்கனம் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. எதிர்ப்பக்கத் தெருவில் உட்கார்ந்து அதே தொழில் செய்த பிலினோஸை அவன் மதித்ததே இல்லை. பிலினோஸ் எழுதினால் வெங்காயக்காரனும் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்தவன் போலப் பேசுவான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் காரணகாரியத்தை அடுக்குவதில் பிலினோஸை அடிக்க ஆள் இல்லை என்பது அவனுக்கு உள்ளூரத் தெரியும்.

எய்கோஸ் என்று ஒன்று இருக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில், இப்படித்தானே நடந்திருக்க முடியும் என்று கேட்பவன் மனதில் ஏற்றிவிடுகிற வித்தை. மீன்காரன் பக்கத்துக் கடை மீனைத் திருடினான் என்று வழக்கு வந்தால், தன் வீட்டிலேயே மீன் நாறிக் கிடக்கும்போது அவன் எதற்குத் திருடப் போகிறான் என்று கேட்கலாம். மீன் அருமை தெரிந்தவன்தானே திருடுவான் என்றும் கேட்கலாம். மிக்கியோன் இரண்டையும் எழுதியிருக்கிறான், இரண்டு வெவ்வேறு ஆட்களுக்கு. இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

அழ வைப்பதற்குப் பாத்தோஸ் என்று பெயர். அதில் மட்டும் அவன் அளவாகத்தான் கை வைப்பான். பேச்சின் முடிவில் குழந்தைகளை மேடையில் ஏற்றி அழவிடுவது ஊர் வழக்கம். ஒருமுறை பிள்ளையில்லாத ஒரு கட்சிக்காரன் மிக்கியோனைக் கேட்காமலே அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூன்றைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டான். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவன் அன்று சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்து நடுவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடைசிப் பிள்ளை நேராக ஓடி அப்பன் மடியில் ஏறிக்கொண்டது. அந்த வழக்கு தோற்றதை மிக்கியோன் தன் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இவ்வளவு பேசியவன் தன் வீட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டான். வீட்டில் அவனும் அம்மா மெலிட்டாவும்தான். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அப்பா அவனுக்கு நினைவு தெரியும் முன்னே கடல் போரில் கப்பலோடு போனவர். இளம் விதவையாகக் கைப்பிள்ளையோடு நின்ற மெலிட்டாவை, அவளைப் பெற்ற வீட்டில் எஞ்சியிருந்தவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இருந்த சொத்து ஒரே ஒரு குரல்தான். சாவு வீடுகளில் கூலிக்கு ஒப்பாரி வைக்கப் போனாள். குடிமக்கள் வீட்டுப் பெண் செய்யும் வேலையா அது? காரியா நாட்டிலிருந்து வந்த பெண்கள்தான் அதைச் செய்வார்கள். அவர்களோடு சேர்ந்து நின்று, தலையை விரித்துப் போட்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அழுது மகனை வளர்த்தாள். மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்த வேலை நின்றது, அந்தப் பேச்சும் நின்றது.

அவனுக்கு ஐம்பது வயது நடக்கும்போது, குடிமக்கள் பட்டியலை எல்லா ஊரிலும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, இவன் நம்மவனா இல்லையா என்று வாக்குப் போட்டது. தாய் தந்தை இருவரும் குடிமக்களாக இருந்தால்தான் மகன் குடிமகன். மிக்கியோன் பெயர் வந்ததும் ஸ்திராத்தோன் என்பவன் எழுந்தான். மிக்கியோன் எழுதிய பேச்சால் ஒரு நிலத்தகராறில் தோற்றவன் அவன். இவனுடைய தாய் காரியாக்காரி, கூலிக்கு மாரடித்தவள், நம்மவர் வீட்டுப் பெண் அப்படிச் செய்வாளா என்று கேட்டான். அவ்வளவுதான், அதே எய்கோஸ். தன் தொழிலின் கத்தி தன் கழுத்தில் வைக்கப்பட்டதை மிக்கியோன் உணர்வதற்குள் வாக்கு முடிந்து, அவன் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது.

இனி இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டு வெளியூர்க்காரனாக அதே ஊரில் காலம் தள்ளலாம். அல்லது நகர நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஜெயித்தால் பெயர் திரும்பி வரும், தோற்றால் அடிமையாக ஏலத்தில் நிற்க வேண்டியதுதான். தெரிந்தவர்கள் எல்லாரும் சும்மா இரு என்றார்கள். மிக்கியோன் அன்றைக்கே நீதிமன்றத்தில் பதிந்துவிட்டு வந்தான். அடுத்தவனுக்கு எழுதி ஜெயித்தவன் தனக்கு எழுதித் தோற்பானா என்று எல்லாரிடமும் சொன்னான். அப்படித்தான் நம்பவும் செய்தான்.

எழுத உட்கார்ந்தால் வரவில்லை. முதல் வரியைப் படித்தால் சூளைக்காரன் பேசுவது போல இருந்தது. அதை அழித்து எழுதினால் கப்பல் சரக்குக்காரன் வந்து நின்றான். அழித்து அழித்து எழுத, இத்தனை வருஷம் அவன் முன்னால் உட்கார்ந்து திட்டிக் காட்டிய அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். மிக்கியோன் மட்டும் வரவே இல்லை. 'எனக்கு நீதிமன்ற வாசல் தெரியாது, ஐயா' என்று எல்லாப் பேச்சுக்கும் அவன் வைக்கும் தொடக்கம் ஒன்று உண்டு. அதை அவன் வாயால் சொன்னால் நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பேச்சு போகட்டும், சாட்சி வேண்டுமே. அப்பா வழி ஆட்கள் வந்து சொல்லிவிடுவார்கள். அம்மா வழியில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர்: அம்மாவின் பெரியப்பா மகன் தேயோன். எண்ணெய் வியாபாரி, ஊரில் மதிப்புள்ளவர். மிக்கியோன் அவர் கடைக்குப் போனான். தேயோன் ஜாடியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்றார். சட்டப்படி அழைத்தால் வருவேன், ஆனால் நீதிமன்றக் கல்லில் வைத்திருக்கும் பலியாட்டுத் துண்டுகள் மேல் கை வைத்து, எனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டுப் போவேன் என்றார். சாட்சிக்கு அழைக்கப்பட்டவனுக்கு அந்த உரிமை உண்டு.

திரும்பி வந்த மிக்கியோன், வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தான். தெருவைக் கடந்து பிலினோஸிடம் போனான். பிலினோஸ் பூண்டு போட்ட பார்லிக் களியைத் தின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாய்யா. நேத்து யாரைத் திட்டின? திட்டிக் காட்டு" என்றான்.

மிக்கியோனுக்குச் சுருக்கென்றது. வேறு வழியில்லை. ஸ்திராத்தோனில் ஆரம்பித்தான், மூச்சுவிடும் நேரத்தில் தேயோனுக்குத் தாவினான். பிறகு தேயோன், தேயோன், தேயோன்தான். களிக் கிண்ணம் காலியாகும் வரை பிலினோஸ் தின்றுகொண்டே கேட்டான்.

"ஸ்திராத்தோன் உன்ன ஊரை விட்டே துரத்தப் பாக்குறான், அவனுக்கு ரெண்டு வார்த்தைதான் விழுந்துச்சு. எண்ணெக்கடைக்காரனுக்கு ஒரு சந்தை வசவே கொட்டிட்ட. உன் வழக்கு யாரோடன்னு உனக்கே தெரியலயேய்யா."

"சாட்சிய எப்படிப் பேச வைக்கிறதுன்னு சொல்லு. மனசைப் பாக்க நான் உன்கிட்ட வரல."

"அந்த ஆளை மேடையிலயே வச்சுக் கிழி. வெக்கம் தாங்காம உண்மைய சொல்லிடுவான். அப்புறம் இன்னொன்னு. உங்கம்மா அழப் போனதை மறைக்காத. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. உன்கிட்ட வர்றவனுக்கெல்லாம் நீ சொல்றதுதானே இது?"

உண்மைதான். மறைக்க வேண்டியதை முதலில் நாமே சொல்லிவிட வேண்டும் என்பது அவன் எல்லாருக்கும் விற்ற புத்தி. தன் வீட்டுக்கு மட்டும் அதை எடுத்துப் போகவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"திருடினேனா? அழுதேன். சொல்லேன், போ" என்றாள். இன்னொரு காயை எடுத்து, அதிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்: "தேயோனை மட்டும் கூப்பிடாதடா. அவன் என்னத் தெரியாதும்பான். அத ஒருக்கா கேட்டுட்டேன். மறுக்கா ஊர் கூடி நிக்கிற எடத்துல அவன் அதச் சொல்ல வேணாம்."

மிக்கியோன் சரி என்று தலையாட்டினான். ஆனால் வேறு சாட்சி இல்லை. மறுநாளே தேயோனுக்கு அழைப்பு போயிற்று. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

வழக்கு நாள் வந்தது. ஸ்திராத்தோன் முதலில் பேசினான். மரியாதையான வீட்டுப் பெண்ணின் பெயரை நீதிமன்றத்தில் உச்சரிக்கமாட்டார்கள். இன்னாருடைய தாய், இன்னாருடைய மகள் என்றுதான் சொல்வார்கள். ஸ்திராத்தோன் வேண்டுமென்றே "மெலிட்டா, மெலிட்டா" என்று கூவினான், ஏதோ சந்தையில் பாட்டுக்காரியைக் கூப்பிடுவது போல. "அம்மா கூலிக்கு அழுதா, மகன் கூலிக்கு எழுதுறான். ரெண்டு பேரும் அடுத்தவன் துக்கத்துல சோறு தின்னவங்க. இதுவா ஏதென்ஸ் ரத்தம்?" என்று முடித்தான். நன்றாகத்தான் பேசினான். எழுதிக் கொடுத்தவன் யார் என்று மிக்கியோனின் மூளை ஒரு மூலையில் யோசித்தது, தொழில் புத்தி போகுமா?

மிக்கியோன் ஏறினான். நீர்ப்பானையின் அடைப்பை எடுத்தார்கள், தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. அந்தப் பானை காலியாகும் வரைதான் அவன் பேசலாம்.

"ஏதென்ஸ்காரங்களே, எனக்குக் கோர்ட்டு வாசல் தெரியாதுன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா வாசல்ல அந்தத் தூண்ல இருக்கிற அழுக்கு நான் சாஞ்ச அழுக்கு. உங்கள்ல பாதிப் பேருக்கு நான் எழுதியிருக்கேன். மீதிப் பேரு நான் எழுதினதுக்கு எதிரா நின்னு தோத்தவங்க."

சிரிப்பு எழுந்தது. ஸ்திராத்தோனைப் பார்த்து யாரோ கனைத்தார்கள். மிக்கியோனுக்கு உடம்பில் தெம்பு வந்தது. அப்பா வழிச் சாட்சிகளை அழைத்தான். ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் எழுத்தர் படிக்கும்போது பானையை அடைத்தார்கள், படித்து முடித்ததும் திறந்தார்கள். அம்மா கூலிக்கு அழுததை அவனே சொன்னான். பசி வந்தால் காரியாக்காரிக்கு ஒரு வயிறு, ஏதென்ஸ்காரிக்கு ஒரு வயிறா என்று கேட்டான். ஸ்திராத்தோன் கட்டிய எய்கோஸில் ஒரு கல்லை உருவியாகிவிட்டது. முன்வரிசையில் சில தலைகள் ஆடின.

அடுத்தது தேயோன். பிலினோஸ் சொன்னபடி, அவரைக் கிழிக்கும் வரிகள் மனப்பாடமாக இருந்தன. சொந்த ரத்தத்தையே தெரியாது என்ற எண்ணெய் வியாபாரி என்று தொடங்கும். கைதட்டு நிச்சயம். வாயெடுக்கும் முன் மிக்கியோன் அவரைப் பார்த்தான். தேயோன் கூட்டத்தைத் தடுக்கும் வேலிக்குப் பக்கத்தில், மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடி நின்றார். ஆயிரம் கட்சிக்காரர்களைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நொடி போதும். இந்த மனிதருக்கு வெட்கம் ஏற்கனவே கழுத்து வரை இருக்கிறது. இன்னும் ஒரு சொட்டு ஊற்றினால் நேரே போய்ச் சத்தியம் செய்துவிட்டு ஓடிவிடுவார்.

பாடம் நடத்துகிறவர்கள் கைரோஸ் என்பார்கள், சொல் விழ வேண்டிய வேளை. அது வந்து நின்றபோது மிக்கியோனிடம் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. மூடிய அந்தத் தலையைப் பார்க்கப் பார்க்க, மூடிய ஒரு கதவு ஞாபகம் வந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்நூறு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினான்.

"மாமா" என்றான்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா, உங்க அப்பா தவறின அன்னிக்கு எனக்குச் சின்ன வயசு. எங்கம்மா என்னயும் இழுத்துக்கிட்டு உங்க வாசலுக்கு வந்தா. உள்ள விடல. யாரும் கூலி பேசி அவளக் கூப்பிடல. கதவுக்கு வெளிய நின்னு, பெரியப்பா, பெரியப்பான்னு பொழுது சாயற வரைக்கும் அழுதா. நீங்க உள்ள இருந்தீங்க. அவ குடிமக்கள் வீட்டுப் பொண்ணா, எந்த ஊருன்னு எதுவும் நான் உங்களக் கேக்கல. அந்தக் குரல் யாரோடதுன்னு தெரியாதுன்னா, சாமி மேல கை வச்சு சொல்லிட்டுப் போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எழுத்தர் தேயோனின் பெயரைக் கூப்பிட்டு, அவர் பேரில் மிக்கியோன் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் படித்தார். பானையை அடைத்தார்கள். தேயோன் மெதுவாக நடந்து கல்லருகே வந்தார். சத்தியம் செய்யப் போகிறவர் போலப் பலித்துண்டுகளின் மேல் கையைக் கொண்டுபோனார். அம்மாவின் பேச்சைக் கேட்காமல் இவரை அழைத்தோமே என்று மிக்கியோன் நினைத்தான். தோற்றால் ஏறி நிற்க வேண்டிய ஏலத் திட்டுகூட அந்த நேரம் மனதில் வரவில்லை.

தேயோனின் கை அந்தரத்திலேயே நின்றது. எழுத்தர், ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று இரண்டு முறை கேட்டார். தேயோன் தலையிலிருந்த துணியைத் தள்ளினார். ஒப்புக்கொண்டால் தலையசைத்தாலே போதும், பேசத் தேவையில்லை. அவர் பேசினார்.

"இவன் அம்மா எங்க சித்தப்பா பொண்ணு. எனக்கு அக்கா" என்றார். பிறகு நடுவர்களைப் பார்த்து, "கதவத் தொறக்காதீங்கன்னு சொன்னது நான்தான்" என்றார்.

பானையைத் திறந்தார்கள். பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. கண்ணீர் வரவழைக்க மிக்கியோன் வைத்திருந்த முடிவுரை, இரண்டு வாரம் இழைத்தது, தொண்டை வரை வந்தது. அவன் அதை விழுங்கிவிட்டு, "மிச்சத் தண்ணிய ஊத்திடுங்க" என்று இறங்கிவிட்டான்.

நடுவர்கள் வரிசையாக வந்து வெண்கலப் பானையில் வாக்கு வில்லைகளைப் போட்டார்கள். எண்ணியபோது மிக்கியோன் பக்கம் பாதிக்கும் நன்றாக மேலே விழுந்திருந்தது. ஸ்திராத்தோன் முடிவை அறிவிக்கும் முன்பே நழுவிவிட்டான். தேயோனும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

வெளியே பிலினோஸ் காத்திருந்தான். "அந்தக் கதவ என்கிட்டயும் மறச்சுட்டியேய்யா. கடைசி அடிக்குன்னு வச்சிருந்தியா? நல்ல தந்திரம்."

"பின்ன? தொழில் தெரியாதவனா நான்?" என்றான் மிக்கியோன். வாசலில் அந்தத் தூணிலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றான். தந்திரமா இல்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். தந்திரம்தான் என்றே கடைசி வரை சொல்லிவந்தான், அதுதான் அவன் தொழிலுக்கு நல்லது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வீட்டுக்குப் போனபோது மெலிட்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்றான். தெரியும் என்பது போலத் தலையசைத்தாள். எத்தனை வாக்கு, ஸ்திராத்தோன் என்ன ஆனான் என்று அவள் எதையும் கேட்கவில்லை.

"தேயோனைக் கூப்பிட்டியா?"

பொய் சொல்ல வரவில்லை. "கூப்பிட்டேம்மா."

அவள் முகம் கல்லாகிவிட்டது. "என்ன சொன்னான்?"

எந்தச் சொல்லையும் பத்து விதமாக மெருகேற்றத் தெரிந்தவன் அதை அப்படியே கொடுத்தான். "எனக்கு அக்கான்னு சொன்னாரு."

"யார்கிட்ட?"

"எல்லார் முன்னாடியும். சத்தமா."

மெலிட்டா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னான். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தெருவே அதிர அழுதவளுக்கு அன்று குரலே எழவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ, மிக்கியோன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.